சண்டை பழக ஓர் இடம்

திருகோணமலையில் சண்டை பழக்கித் தருகிறோம் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியவர்களை நான் ஒருகாலமும் மதித்ததில்லை. சமாதான காலம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட அந்தச் சில வருடங்களில், ஊரில் தொலைபேசிக் கடைகளுக்கு அடுத்தபடியாகப் பெருகியவை இவர்களுடைய வகுப்புகள்தான். நிஜமான சண்டை தெருவில் நடந்தபோது கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த மனிதர்கள், துவக்குச் சத்தம் ஓய்ந்ததும் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வீரம் என்றால் என்னவென்று எங்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார்கள். கட்டிலுக்குக் கீழே படுத்ததில் ஒரு பிழையும் இல்லை. நானும் படுத்தவள்தான். படுக்காதவர்கள்போலக் கதைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இருந்தும் அவர்களைத் தேடிப் போனேன். காரணம் இருந்தது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்து வேலை. ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவன் எனக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, ஒரு கையை நீட்டி என் நெஞ்சைப் பிடித்தான். கடையில் தக்காளிப்பழத்தை அமத்திப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைப்பவனைப்போல, ஒரு அவசரமும் இல்லாமல் விட்டுவிட்டுப் போனான். நல்ல வெளிச்சம் இருந்த நேரம். கொஞ்சத் தூரத்தில் ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றியும் இருந்தது. என்னுடைய கைகள் இரண்டும் ஹாண்டிலை விட்டு அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். ஷெல் கூவுகிற சத்தம் கேட்டால் நான் நினைக்க முதலே நிலத்தில் விழத் தெரிந்த உடம்பு இது. ஒரு அற்பனின் கைக்கு முன்னால் மரக்கட்டையாக நின்றிருக்கிறது. அவன் செய்ததைவிட அதுதான் என்னைப் போட்டு அரித்தது.

அம்மாவிடம் சொன்னேன். "சைக்கிளை விட்டிட்டு பஸ்ஸில போ பிள்ளை" என்றார். பஸ்ஸில் என்ன நடக்குமென்று அம்மாவுக்குத் தெரியாததல்ல.

"நான் எங்கையாவது பயிற்சிக்குப் போகப்போறன்" என்றேன்.

அம்மா எழும்பிப் போய் வீதிப் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு வந்தார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரே ஒரு அர்த்தம்தான். பயிற்சிக்குப் போனவர்கள் இயக்கத்தில் சேர்ந்து காட்டுக்குப் போனவர்கள். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

"அந்தச் சொல்லை வாயால சொல்லாதை. கராத்தேக்குப் போறன் எண்டு சொல்லு. அது சும்மா விளையாட்டெண்டு சென்றிக்காரனுக்கும் தெரியும்."

அம்மா கராத்தேயைப் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எவ்வளவு சரியென்று அடுத்த சில மாதங்களில் விளங்கிக்கொண்டேன்.

முதலில் போனது ஒரு சனசமூக நிலையத்தின் மண்டபத்தில் நடந்த வகுப்புக்கு. மாஸ்டர் ஏதோ திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். உடுப்பு கஞ்சி போட்டு மினுக்கியிருக்கும். கறுப்புப் பட்டியில் பொன் நூலால் தன்னுடைய பெயரைத் தைப்பித்திருந்தார், எங்கேயாவது தொலைந்துவிடுவார் என்று பயந்ததுபோல. மண்டபத்துக்குள் வந்ததும் நாங்கள் சுவரில் தொங்கிய ஒரு படத்தைக் கும்பிட வேண்டும். பிறகு அவரைக் கும்பிட வேண்டும். பிறகு ஒருவரையொருவர் கும்பிட வேண்டும். கும்பிட்டு முடியவே வகுப்பில் ஒரு பங்கு போய்விடும்.

ஆண்கள் முன்னுக்கு நின்றார்கள். பெண்கள் நாங்கள் பின்னுக்கு, சுவரைப் பார்த்தபடி. காற்றில் குத்துவோம், காற்றை உதைப்போம், திரும்பி மற்றப் பக்கக் காற்றைக் குத்துவோம். இந்தக் காற்று எங்களுக்கு என்ன செய்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவரும் ஒருவரையும் தொடவில்லை. தொட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் கலை போய்விடும் என்றார் மாஸ்டர்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன். "மாஸ்டர், ஒருத்தன் பின்னால வந்து பிடிச்சா என்ன செய்யிறது?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அது பிறவுண் பெல்ட் எடுத்தாப் பிறகுதான் தங்கச்சி சொல்லித்தருவன்."

"அதுக்கு எவ்வளவு காலம் செல்லும்?"

"ஒழுங்கா வந்தா நாலு வருசம்."

பிடிக்க வருகிறவனை நாலு வருடம் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும்போல. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் மாஸ்டரைத் தெய்வமாக வைத்திருந்தார்கள்.

வகுப்பின் உண்மையான வேலை எனக்குப் பட்டிப் பரீட்சை அன்றுதான் தெரிய வந்தது. மேடை போட்டார்கள். பெரிய உத்தியோகத்தர் ஒருவரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். ஆண்கள் காற்றை உதைத்துக் காட்டினார்கள். பெண்கள் எங்களுக்குச் சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லி, மாலைத் தட்டையும் சந்தனக் கும்பாவையும் கையில் தந்தார்கள். பிரதம விருந்தினர் பேசும்போது, பெண்கள் தங்களைத் தாங்களே பாதுகாத்துக்கொள்ள வேண்டிய காலம் இது என்றார். நான் அப்போது பன்னீர்ச் செம்போடு அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். செம்பை மேடையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாவது இடம் துறைமுகப் பக்கத்தில், ஒருகாலம் நெல் மூட்டை அடுக்கிய களஞ்சியத்தில் இருந்தது. வாசலில் பெரிய பலகை. எல்லா நாட்டுச் சண்டையும் கலந்து பழக்கப்படும் என்று எழுதியிருந்தது. சீடிக் கடைகளில் அந்த நாட்களில் ஒரு புதுச் சாமான் வந்திருந்தது: இரும்பு வலைக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுப் பூட்டிவிடுவார்கள், குத்தலாம், உதைக்கலாம், நிலத்தில் புரண்டு கழுத்தை நெரிக்கலாம். களஞ்சியக்காரர் அந்தப் படங்களைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தார். ஒரு மூலையில் ரீவி நாள் முழுக்க அதையே காட்டிக்கொண்டிருக்கும். பெடியன்கள் வந்து கண்ணாடிக்கு முன்னால் பாரம் தூக்குவார்கள், தங்கள் புயத்தைத் தாங்களே தடவிப் பார்ப்பார்கள், பிறகு ரீவிக்கு முன்னால் குந்தியிருந்து, கூண்டுக்குள் இருப்பவன் விட்ட பிழைகளைத் திருத்துவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவனும் இன்னொருவனைக் கட்டிப்பிடித்து விழுத்தியதை நான் காணவில்லை.

இந்த மாஸ்டர் வளைகுடாவில் இருந்து வந்தவர். அங்கே ஒரு இளவரசருக்கு மெய்க்காவலராக இருந்தேன் என்பார். ஹோட்டல் வாசலில் கார்க் கதவு திறந்துவிட்டவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். கார்க் கதவு திறப்பது கௌரவமான வேலை. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு அவரில் ஒரு மரியாதை வந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு வைத்திருந்தார். அங்கேதான் ரீச்சரைச் சந்தித்தேன். சாம்பல்தீவுப் பக்கம் வீடு. நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கட்டையான, அகன்ற உடம்பு. முகத்தில் எந்த நேரமும் ஒரு சலிப்பு. வகுப்பில் அவர் என்ன நினைக்கிறார் என்பதை மறைக்க அவர் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அன்றைக்கு மாஸ்டர் எங்களுக்கு வர்ம இடங்கள் சொல்லித்தந்தார். தன் காதுக்குக் கீழே ஒரு விரலை வைத்து, குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர்மார், இந்த இடத்தில ஒரு தட்டு. அவ்வளவுதான். ஆள் மூண்டு நாளில செத்துப்போவான்" என்றார்.

ரீச்சர் கேட்டார்: "அந்த மூண்டு நாளும் நான் என்ன செய்யிறது?"

மாஸ்டருக்கு விளங்கவில்லை. ரீச்சர் எழும்பினார். "என்ர சட்டையைப் பிடியுங்கோ மாஸ்டர். சும்மா, ஒருத்தன் பிடிக்கிறமாதிரி. என்ன செய்யலாம் எண்டு பாப்பம்."

"நான் பொம்பிளையளில கை வைக்கிறேல்ல."

"அப்ப ஆர் மாஸ்டர் எங்களில கை வைக்கிறது? பழகிறதெண்டா ஆரோ ஒராள் பிடிக்கத்தானே வேணும்?"

அவர் எல்லோருக்கும் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போய் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த வகுப்பு முடிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த சனிக்கிழமையோ அதற்குப் பிறகோ, சீருடைக்காரர் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். துவக்கு தோளில் இருந்தது. ஆட்களைச் சேர்த்து ஏதோ பழக்குகிறார்களாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் இரண்டு பேரும் சின்ன வயதுக்காரர்கள். ஒருவனுக்கு முகம் முழுக்கப் பரு. எங்களைப் பார்த்து அவர்களே கொஞ்சம் வெட்கப்பட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் துவக்கு துவக்குத்தான்.

என்ன நடக்கிறது இங்கே என்று சிங்களத்தில் கேட்டான் பருக்காரன்.

மாஸ்டர் இரண்டு கைகளையும் கூப்பினார். ஒரே தட்டில் ஆளை அனுப்புகிறவர், குரல் நடுங்க, உடைந்த சிங்களத்தில் சொன்னார்: ஒன்றுமில்லை சேர், உடம்பு மெலிய வைக்கிற வகுப்பு சேர். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பக்கம் விரலை நீட்டினார். இவர்கள்தான் சண்டை பழக்கச் சொல்லி என்னைக் கரைச்சல்படுத்தினார்கள். எனக்கு இவர்களைத் தெரியாது. எங்கே இருந்து வருகிறார்கள், என்னத்துக்குக் கேட்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள் சேர்.

அந்த ஊரில், அந்த நாட்களில், அப்படி ஒரு வசனத்துக்கு என்ன பொருள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடையாள அட்டைகளை எடுத்துக் காட்டினோம். ரீச்சர் தன் பள்ளிக்கூடத்தின் பெயரை நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார். பருக்காரன் அட்டைகளைத் திருப்பித் தந்தான். அவனுடைய கண் ரீவியில் இருந்தது. கூண்டுக்குள் ஒருவன் மற்றவனுக்கு மேலே ஏறியிருந்தான். பருக்காரன் கதிரையில் உட்கார்ந்து அந்தச் சண்டை முடியும்வரை பார்த்தான். மாஸ்டர் ஓடிப் போய்ச் சோடா வாங்கி வந்தார். குடித்து முடித்ததும் பருக்காரன் எழும்பி, மாஸ்டரைப் பார்த்துச் சிரித்து, வா, ஒருக்கால் நீயும் நானும் பிடித்துப் பார்ப்போம் என்று கையை விரித்தான். வெறும் பகிடி. மாஸ்டர் இடுப்பைத் தடவி, நாரிப் பிடிப்பு என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

பயந்ததற்காக நான் அவரை இகழவில்லை. பயம் எங்களுக்குச் சோறு தண்ணீர் மாதிரி. தன்னைக் காப்பாற்ற எங்களைத் தூக்கிக் கொடுத்தாரே, அதற்கு இன்றைக்கும் எனக்கு அவரில் அருவருப்புத்தான். அவர்கள் போன பிறகு அவர் திரும்பி வந்து, "பயப்பிடாதேங்கோ சிஸ்டர், நான் கதைச்சு அனுப்பிப்போட்டன்" என்றதை நினைத்தால் இன்னும் கூடுகிறது.

வெளியே வந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். பிறகு ரீச்சர் சொன்னார்:

"நான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில படிக்கேக்க ஜூடோ பழகினனான். போன போட்டி எல்லாத்திலையும் தோத்தனான்."

"எல்லாத்திலையுமா?"

"ஓம். ஒண்டிலையும் வெல்லேல்ல. ஆனா எனக்கு விழத் தெரியும். பிடிச்சா என்ன செய்யிறதெண்டும் கொஞ்சம் தெரியும். எங்கட பள்ளிக்கூடத்தில ஜிம்னாஸ்ரிக் மெத்தை கிடந்து பூஞ்சணம் பிடிக்குது. நீர் வருவீரோ?"

தோற்றேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வருவேன் என்றேன்.

பள்ளிக்கூட அதிபருக்கு யோகாசனம் என்று சொன்னார் ரீச்சர். யோகாசனம் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அப்படிச் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் வகுப்புத் தொடங்கியது. முதலில் நாங்கள் இரண்டு பேர். பிறகு கந்தோரில் என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளை. பிறகு கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா. கதவைப் பூட்டியாச்சா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் அவர் அபாயாவைக் கழற்றுவார். கழற்றிய பிறகு அவரைப் பிடித்து வைக்க எங்களில் ஒருவராலும் ஏலாது.

பல வாரங்கள் விழுவதை மட்டும்தான் பழகினோம். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் அமத்தி, கையால் மெத்தையை அறைந்து விழ வேண்டும். பழைய டெனிம் சட்டைகளைப் போட்டுக்கொண்டு கொலரைப் பிடித்து இழுப்போம். சட்டைகள் கிழிந்தன. ஒருநாள் ரீச்சர் பின்னால் இருந்து என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கினார். கண் இருண்டு வந்தது. மெத்தையில் தட்டினேன். உடனே விட்டார்.

"தட்டினா விட்டிருவன். தட்டாட்டி விடமாட்டன். அவ்வளவுதான் சட்டம்" என்றார்.

அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு அந்த மெத்தையில் கிடந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை இன்னும் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என்னை ஒருவர் உண்மையாகப் பிடித்திருக்கிறார். என் கைகள் மரத்துப்போகாமல் வேலை செய்திருக்கின்றன. நான் தோற்றுப்போனேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை புடைவைக் கடை அம்மா ரீச்சரையே தூக்கிப் போட்டார். ரீச்சர் மல்லாக்கக் கிடந்தபடி, "நல்லா இருந்தது, இன்னொருக்கா" என்றார். எந்த மாஸ்டரின் வாயில் இருந்தும் அப்படி ஒரு சொல் வந்திருக்காது.

செய்தி எப்படியோ வெளியே போனது. முதல் மாஸ்டர், வெள்ளை உடுப்புக்காரர், ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"கராத்தே சங்கத்தில பதியாம இப்பிடி வகுப்பு நடத்த ஏலாது ரீச்சர். ஆருக்காவது கை கால் முறிஞ்சா ஆர் பொறுப்பு?"

"வாங்கோ மாஸ்டர், உள்ள வந்து ஒருக்கா எங்களோட பிடிச்சுப் பாருங்கோ. பிழை இருந்தாச் சொல்லித்தாங்கோ."

அவர் தன்னுடைய லோங்ஸ் காற்சட்டையையும் சப்பாத்தையும் குனிந்து பார்த்தார். "சீருடை இல்லாம நான் மெத்தையில ஏறக்கூடாது" என்றார். அடுத்த கிழமை சீருடையோடு வாருங்கள் என்றார் ரீச்சர். அவர் வரவில்லை.

இடையில் சுனாமியாகக் கடல் வந்து ஊரைக் கலைத்துப் போட்டது. சில மாதம் வகுப்பு நடக்கவில்லை. பிறகு திரும்பவும் கூடினோம். அதற்குப் பிறகு சமாதானம் முடிந்தது. முடிந்தது என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. சென்றிகளில் மண்மூட்டை திரும்ப உயர்ந்தது, கடைகள் மத்தியானத்தோடு பூட்டின, ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். புடைவைக் கடை அம்மா கடைசியாக வந்த அன்று எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து, "கதவப் பூட்டிட்டு ரெண்டு பேரும் நல்லாப் பழகுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு துறைமுகக் குடாவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தும் ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில் இருந்தும் சனம் பையும் பிள்ளைகளுமாக வந்தது. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. எங்கள் மண்டபத்தில் குடும்பங்கள் சேலையால் மறைப்புக் கட்டி இருந்தார்கள். மெத்தைகளை ரீச்சர்தான் விரித்துக் கொடுத்தார். குழந்தைகள் அவற்றில் வரிசையாக நித்திரை கொண்டார்கள்.

அந்த முகாமுக்கும் வெள்ளை உடுப்பு மாஸ்டர் வந்தார். சங்கத்தின் பெயர் எழுதிய துணியைக் கட்டி, பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி, படம் எடுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் மனதைத் தேற்ற ஒரு கலை நிகழ்ச்சி என்றார். மூச்சை இழுத்து, கத்தி, அடுக்கி வைத்த கூரை ஓடுகளைக் கையால் உடைத்தார். ஷெல் விழுந்து ஓடெல்லாம் நொறுங்கிய வீடுகளை விட்டு வந்த சனத்துக்கு முன்னால் நின்று உடைத்தார். ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நல்ல ஓடு தம்பி, ஏன் உடைக்கிறாய்?" என்று கேட்டார். மாஸ்டர் அவரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஓட்டை எடுத்தார். படம் பத்திரிகையில் வந்தது. இன்றைக்கும் அவருக்கு மேடைகள் இருக்கின்றன, மாலைகள் விழுகின்றன. களஞ்சியக்காரர் திரும்ப வளைகுடாவுக்குப் போய்விட்டார். அங்கே யாருக்காவது கதவு திறந்துவிடுவார். ஆளைக் காட்டிக்கொடுக்கிற அவசியம் அந்த வேலையில் இல்லையென்று நம்புகிறேன்.

அந்த நிகழ்ச்சி முடிந்த பின்னேரம் ரீச்சரும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பந்து விளையாடுகிற மணலுக்குப் போனோம். எனக்கு ஆத்திரமாக இருந்தது. வாரும், ஒருக்காப் பிடிப்பம் என்றார் ரீச்சர். சேலையோடும் பாவாடையோடும் பிடித்தோம். அவர் என்னை விழுத்தினார். நான் அவரை விழுத்தினேன். மணல் வாய்க்குள் போனது.

தண்ணீர் வாளியோடு வந்த ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகாமுக்கு வந்த நாளில் இருந்து ஒருவரோடும் கதைக்காதவர். நடுவயது, வெயிலில் வேலை செய்த கைகள். ரீச்சர் மூன்றாவது தரம் விழுந்தபோது அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். பிறகு வாளியை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"என்ன புள்ள உது? எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ."

ரீச்சர் அவருடைய கைகளை எடுத்துத் தன் தோளிலும் முழங்கையிலும் வைத்து, எப்படி இழுப்பது, காலை எங்கே வைப்பது என்று காட்டினார். முதல் தரம் இரண்டு பேருமே சரிந்து விழுந்தார்கள். அந்தப் பெண் தலைமயிரில் மணலோடு எழும்பி, சேலையைத் தட்டாமலே, திரும்பவும் ரீச்சரின் சட்டையைப் பிடித்தார்.